வாடைக்கொண்டலில் ஏறிய முள்

வண்டி ஓட்டும்போது மற்றவர்கள் சாலையைப் பார்ப்பார்கள். நான் முள்ளைப் பார்ப்பேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம். கீழே நீலக் கோடு, மேலே சிவப்புக் கோடு, நடுவில் ஒரு வெள்ளை முள். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் எவ்வளவு சூடு என்பதை அது காட்டும். பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றால் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். பாதியைத் தாண்டினால் உள்ளங்கை வேர்த்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி, "ரோட்டப் பாருய்யா, அது எங்கயும் ஓடிப் போவாது" என்பாள்.

கவலைப்படுவது எனக்கு ஒரு வேலை மாதிரி. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுப் படகில் ஏறியவன் நான். ஏறிய இரண்டாம் வருஷம், ஏரித் தண்ணீர் கடலுக்குள் இறங்குகிற முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. நான் வலைக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். அந்தப் படகில் இருந்த ஒருவர் தன்னுடைய புது வலையைக் கத்தியால் கிழித்து, தலைமுடியைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். பின்னால் அவர்தான் எனக்கு மாமனார் ஆனார். வலை போனதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் அன்றோடு எனக்குத் தண்ணீர் ஆகாமல் போயிற்று. பழவேற்காட்டு ஏரியில் பாதி இடம் இடுப்பளவுதான். "இடுப்புத் தண்ணிக்கு நடுங்குற ஒரே மீனவன்" என்று ஊரில் எனக்குப் பெயர்.

எங்கள் ஏரியில் இறால் பிடிக்கப் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் வரும் வழிகள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும் என்று, இன்ன நாள் இன்ன இடம் இன்ன கூட்டத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் நாளைக் கோட்டைவிட்டால், மறுபடி நம் முறை வரும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒவ்வொரு பங்குக்கும் ஓர் ஆள் தண்ணீரில் இறங்க வேண்டும். உடம்பு இறங்காமல் பங்கு கிடையாது.

எனக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அடகில் இருந்த நகையை மீட்க வைத்திருந்த பணத்தில், பழைய டீசல் பிக்கப் ஒன்றை நானும் மனைவியும் வாங்கினோம். எங்கள் கூட்டத்துக்குப் பெரியவர் என் மாமனார்தான். எல்லோரையும் உட்காரவைத்து, "மாப்ள நம்ம எறாவ ஏத்திக்கினு போவட்டும். அவன் பங்குக்கு வண்டியே ஆளு" என்றார்.

கூட்டத்தில் ஒருவர், "வண்டி நின்னா?" என்று கேட்டார்.

"நம்ம நாள்ல நின்னா, மாப்ள தண்ணில நிப்பாரு" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலிருந்து இன்றுவரை அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது சிவப்பில் ஏறினால் நான் ஏரியில் இறங்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

வண்டி வாங்கிய வருஷம் மழை முடிந்ததும் ஏரிக்கரையில் பூச்சி கிளம்பியது. கொசுவைவிடச் சின்னது, சாயங்காலத்தில் புகை மாதிரி சுழலும். அதற்குள் புகுந்து வந்ததில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் பூச்சி அப்பிக்கொண்டது. பொன்னேரியில் இருக்கும் மெக்கானிக் காற்றடித்துச் சுத்தம் செய்துகொண்டே, "இதுல அடைச்சா காத்து பூராது. காத்து பூரலன்னா தண்ணி ஆறாது. எஞ்சின் வெந்துரும்" என்றார். அவர் அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் அதை வீட்டுக்கு எடுத்து வந்து, மூன்று நாள் சோறு இறங்காமல் சுற்றினேன்.

நான்காம் நாள் வழி தோன்றியது. வீட்டில் பழைய இறால் வலை ஒன்று கிடந்தது. கண்ணி மிகச் சின்னது. அதில் ஒரு துண்டை வெட்டி, இரண்டாக மடித்து, வண்டியின் முன்பக்கப் பிளாஸ்டிக் கம்பிக்கு உள்ளே, ரேடியேட்டரை மூடினாற்போல் கட்டினேன். வலைக்குப் போடுகிற அதே முடிச்சு. பூச்சி வெளியே நிற்கும், காற்று உள்ளே போகும். வலை தண்ணீரையே விடுகிறது, காற்றை விடாதா? பார்த்தவர்கள் மெச்சினார்கள். மாமனாரே குனிந்து பார்த்து, "மாப்ளைக்கு மூளை கீது" என்றார். அதன் பிறகு அதை மறந்துவிட்டேன். எதையும் மறக்காத நான், கண்ணுக்கு மறைவாக என் கையால் கட்டிய அந்த ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

போன தை மாதம், எங்கள் பாடு நாளில், மெதூர் தாண்டி வயல்களுக்கு நடுவில் முள் மேலே ஏறியது. முதலில் நம்பவில்லை. கண்ணாடியில் தட்டிப் பார்த்தேன். அது ஏறிக்கொண்டே போனது. ஓரம் கட்டுவதற்குள் முன்னால் ஆவி கிளம்பி, வெல்லம் கருகினாற்போல் ஒரு வாடை. பின்னால் பெட்டிகளில் ஐஸும் இறாலும். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள் மனைவி. சூட்டில் திறந்து முகம் வெந்தவரை அவள் பார்த்திருக்கிறாள். எஞ்சின் ஆறும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் ஐஸ் பாதி கரைந்தது. மார்க்கெட்டுக்குப் போனபோது இறாலின் தலை கறுத்திருந்தது. தலை கறுத்த இறாலை யாரும் ஆசையாகப் பார்ப்பதில்லை.

மாமனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மெஷினு தானே மாப்ள. ஒரு தபா நிக்கும். கூட்டம் ஒரு தபா பொறுக்கும்" என்றார். மிச்சத்தை நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். ரேடியேட்டர் மூடியில் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அழுத்தம் நிற்கவில்லை, அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது என்று மூடியை மாற்றினார். அடுத்த முறை போனபோது மேல் ஹோஸை மாற்றினார். மூன்றாம் முறை, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்திவைக்கிற ஒரு சின்ன வால்வைக் கழற்றி, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு? குளிர் நாட்டுக்காரன் வெச்சது" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நான்கு நாள் திரிந்தேன். கழற்றலாமா கூடாதா என்று போனில் வீடியோ பார்த்தேன். ஒருவர் கழற்றினால் நல்லது என்றார். இன்னொருவர் கழற்றினால் எஞ்சின் போச்சு என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி உறுதியாகப் பேசினார்கள். படித்தவனாக இருந்தால் யார் சொல்வது சரி என்று தெரிந்திருக்குமோ என்னவோ. எனக்கு இரண்டு பேரும் சொன்னது நடந்துவிடும் என்றுதான் தோன்றியது.

ஊரில் சொல்லாத ஆளில்லை. எல்லோரும் தண்ணீரைப் பற்றியே சொன்னார்கள். தண்ணீர் குறைகிறது, தண்ணீர் கெட்டிருக்கிறது, பம்பு தண்ணீரைத் தள்ளவில்லை, ஏரித் தண்ணீரை ஊற்றியிருப்பான் உப்புப் படிந்திருக்கும். நான் ஏரித் தண்ணீரை ஊற்றவே இல்லை. கேன் தண்ணீரும் பச்சை நிறக் கூலண்டும்தான். தினமும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்ப்பேன். நேற்று இருந்த அளவே இருக்கும். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, குமிழி வருகிறதா என்று மனைவியைப் பார்க்கச் சொன்னேன். குமிழி தொடர்ந்து வந்தால் எஞ்சினின் தலைப்பகுதியில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது என்று அர்த்தம். அதோடு என் கதை முடிந்தது.

"வருதா?"

"வர்ல."

"நல்லாப் பாரு."

"எம் மூஞ்சிதான் தெரியுது. அதுவும் நல்லா இல்ல" என்றாள்.

தண்ணீர் குறையவில்லை, ஒழுகவில்லை, குமிழி இல்லை. பின்னே எதற்குச் சூடாகிறது? வியாதி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும் வலி போகாதவன் மாதிரி ஆனேன்.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். ஊரிலிருந்து பொன்னேரிக்குப் போகும்போதுதான் முள் ஏறும். திரும்பி வரும்போது ஏறாது. போகும்போது சுமை இருக்கிறது, சரி. ஆனால் சுமையோடு போன எல்லா நாளும் ஏறவில்லை. வாடைக்கொண்டல் அடிக்கிற நாளில்தான் ஏறியது. வடகிழக்கிலிருந்து வருகிற காற்று அது; தை மாதத்தில் எங்கள் பக்கம் அதுதான் ராஜா. பொன்னேரிக்குப் போகிறவனுக்கு அது முதுகில் அடிக்கும். வருகிறவனுக்கு முகத்தில் அடிக்கும். காற்று ஓய்ந்த நாளில் சுமையோடு போனாலும் முள் பாதியோடு நின்றுவிடும்.

இதை மெக்கானிக்கிடம் சொல்ல இரண்டு தடவை வாய் வரை வந்து விழுங்கினேன். மூன்றாம் தடவை சொல்லிவிட்டேன். கையில் ஸ்பானரோடு அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னாண்ணே, வண்டி ஓட்டுறியா, பாய்மரக் கப்பல் ஓட்டுறியா?"

கடையிலிருந்த இரண்டு லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அடுத்த தபா பாய எறக்கிட்டு ஓட்டு" என்றார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, காற்று விஷயத்தை அங்கேயே விட்டுவிட்டேன். மெக்கானிக், "ரேடியேட்டரையே எறக்கி உள்ள அடைப்பு எடுக்கணும். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போ" என்றார். எங்கள் பாடு நாளுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. முடிந்ததும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று விட்டிருந்தால், இறக்கும்போதே நான் மறந்தது அவர் கண்ணில் பட்டிருக்கும்.

பாடு நாள் காலையில் எழுந்ததுமே காற்றைத்தான் பார்த்தேன். படகுத் துறையில் கட்டியிருந்த கொடி தென்மேற்காக விறைத்து நின்றது. இறால் நல்ல வரத்து. வெள்ளை இறால், விரல் நீளம். பெட்டிகளை ஏற்றி முடித்ததும் மாமனார் ஈரக் கைலியைப் பிழிந்து உதறிக் கட்டிக்கொண்டு, முன் கதவைத் திறந்து ஏறினார்.

"நீ நவுரும்மா. நானும் வரேன்" என்றார் மகளிடம்.

"நீ எதுக்கு நைனா?"

"மாப்ள தனியாக் கவலப்படறாரு. கூட ஒருத்தன் படலாமேன்னுதான்."

மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். திருப்பாலைவனம் வரைக்கும் முள் பாதியில் நின்றது. மாமனாருக்கு முள் தெரியாதபடி ஸ்டியரிங்கில் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். திருப்பாலைவனம் தாண்டியதும் அது என் விரலுக்கு மேலே எழுந்து வந்தது.

வீடியோவில் பார்த்த ஒரு வழி ஞாபகம் வந்தது. வண்டிக்குள் சூடு வருவதற்கு ஹீட்டர் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் சுடும்போது அதை முழுதாகத் திறந்துவிட்டால், எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் வந்துவிடும், எஞ்சின் பிழைக்கும் என்று அதில் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஹீட்டர் போட்டவன் யாருமே கிடையாது. அந்தக் குமிழைத் திருப்பியபோது அது கிறீச்சிட்டது. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காலில் அனல் அடித்தது.

மாமனார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எறாவுக்கு ஐஸு, எங்களுக்கு அடுப்பா மாப்ள?" என்றார்.

"எஞ்சினுக்கு நல்லது மாமா."

"எஞ்சின் ஆறுதா?"

"கொஞ்சம்."

"நாங்க வெந்துட்டோமான்னு குத்திப் பாத்துட்டு எறக்கு" என்றாள் மனைவி.

சிரித்தோம், மூன்று பேரும் வேர்த்து ஒழுக. முள் ஒரு நூல் அளவு இறங்கியது. அந்த ஒரு நூலுக்கு நான் கும்பிடாத சாமி இல்லை. மெதூர் ஏரிக்கரை ஏற்றத்தில் அது மறுபடி ஏறிச் சிவப்பில் தலையை வைத்தது. போன தடவை நின்ற அதே புளியமரம் தெரிந்தது. இனி ஓட்டினால் எஞ்சினின் தலை வளைந்துவிடும். நிறுத்தினால் நான் தண்ணீரில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பத்து அடி தூரம் ஓட்டினேன். பிறகு நிறுத்தினேன்.

எஞ்சினை உடனே அணைக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியாது. வயல் பாதை பிரிகிற இடத்தில் வண்டியை வளைத்து, மூக்கை வடகிழக்காகத் திருப்பி, காற்றுக்கு நேராக நிறுத்தி ஓடவிட்டேன். அலையில் மாட்டிய படகின் மூக்கைக் காற்றுக்குத் திருப்புவார்களே, அந்த மாதிரி. முள் மெல்ல இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்றுதான். நான் சொன்னது சரிதான். சொன்னது சரி என்று தெரிந்தபோது சொல்வதற்கு மெக்கானிக் பக்கத்தில் இல்லை.

மாமனார் கீழே இறங்கிப் போன் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. என் மனைவியின் தம்பிக்கு வண்டி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பாடு நாளில் அவனும் தண்ணீரில் இறங்குவான். மற்ற நாளில் பக்கத்து ஊர் நண்டு ஏற்றுவான்.

"தம்பி, ஜல்தியா வா. மாப்ள வண்டி நின்னுருச்சு" என்றார் மாமனார். வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். "எறா கெடக் கூடாது மாப்ள. எட்டு வூட்டு எறா" என்றார். என் தோளில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது.

மைத்துனன் வருவதற்குள் நான் வண்டியின் முன்னால் போய் நின்றேன். முதுகில் காற்று அறைந்தது. பிளாஸ்டிக் கம்பிகளுக்கு நடுவில் விரலை விட்டேன். ரேடியேட்டரின் தகடு தட்டுப்படும் என்று நினைத்த இடத்தில், காய்ந்த சாணி வறட்டி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் பெயர்த்தேன். மண், உப்பு, பூச்சி இறக்கை, எல்லாம் சேர்ந்து இறுகிய பொருக்கு. அதற்கு அடியில் நான் போட்ட முடிச்சு.

பழைய வலை. எத்தனையோ வருஷத்து உப்பும் இறால் பிசுபிசுப்பும் அதில் ஊறிக் கிடந்தன. உப்பு என்றைக்கும் முழுதாகக் காயாது. ஏரிக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் சாலை வேலைப் புழுதி ஒட்டி, காய்ந்து, மறுபடி ஒட்டி, இரண்டு வருஷத்தில் கண்ணி ஒவ்வொன்றாக அடைந்துபோயிருந்தது. காற்று எதிரே அறைந்தால் கொஞ்சம் புகுந்திருக்கும். முதுகில் அடித்தால் அதுவும் இல்லை. காற்று நிற்கக் கூடாதே என்ற பயத்தில் நான்தான் காற்றை நிறுத்தியிருந்தேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வலையை ஒரு காலத்தில் பழுது பார்த்தவள் அவள்தான். "அய்யோ, நீ கட்னதா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அப்பா நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சொல்லாத. ஒழுகுதுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். வலை அறுக்கும் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். முடிச்சுகளை அறுத்து, வறட்டியை வாய்க்காலில் வீசினேன். அது மிதக்கவில்லை.

அப்போது மைத்துனன் வண்டி வந்து நின்றது. புது வண்டி, வெள்ளை. முன் கம்பிகளுக்கு உள்ளே நீல நிறத்தில் வலை தெரிந்தது. இரண்டாக மடித்தது. என்னுடையதைப் பார்த்துக் கட்டியது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

இரண்டாம் தடவையும் நின்ற வண்டியை இனி மாமனார் நம்ப மாட்டார். பெட்டிகளை மாற்றி ஏற்றினோம். ஒவ்வொரு பெட்டிக்கும் நான் அந்த நீல வலையைப் பார்த்தேன். அவன் வலை புதிது, இரண்டு மாதம்தான். அடைந்திருக்காது. அடைந்திருந்தால்? அதுவும் எங்கேயோ கிடந்த பழைய வலையாக இருந்தால்? அவன் என்னைவிட வேகமாக ஓட்டுகிறவன். முள்ளையே பார்க்க மாட்டான். காற்று இன்னும் முதுகில்தான் அடிக்கும். சொன்னால், வண்டி நின்றதற்கு நானே காரணம் என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், எட்டு வீட்டு இறால்.

கடைசிப் பெட்டி ஏறியதும் சொன்னேன். "மச்சான், அந்த வலைய அவுத்துட்டுப் போ. என் வண்டி அதுலதான் சூடாச்சு."

அவன் சிரித்தான். "இன்னா மாமா, வலை காத்தத் தடுக்குமா? அப்ப நாம எப்டி காத்துல வலை காயப்போடறோம்?"

"அடைச்சுக்கும். என்னுது வறட்டி மாதிரி ஆயிருச்சு."

"எங்க, காட்டு."

வாய்க்காலைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. மனைவி தலை குனிந்துகொண்டாள்.

மாமனார், "மாப்ள, எறா போற வண்டிய நிறுத்தாத" என்றார். குரலில் கோபம் இல்லை. லோடு கைமாறியதில் எனக்கு வயிறு எரிகிறது என்று அவர் நினைத்தது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதை எப்படி மறுப்பது? உண்மையிலேயே எனக்கு வயிறு எரிந்தது. அதுவும் உண்மை, வலையும் உண்மை.

கத்தி இன்னும் என் கையில் இருந்தது. குனிந்து, கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டு, மேலே இரண்டு முடிச்சு, கீழே இரண்டு முடிச்சு, அறுத்தேன். நீல வலையை இழுத்துத் தரையில் போட்டேன். மைத்துனன், "மாமா, பேஜார் பண்ணாத" என்று இறங்கி வந்தான். மாமனார் அவன் கையைப் பிடித்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகனிடம், "போ. ஐஸு கரையுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வண்டி போனதும் நான் வலையைக் கையில் எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அங்கங்கே புழுதி. பாதிக் கண்ணிக்கு மேல் திறந்திருந்தது. வானம் நன்றாகத் தெரிந்தது.

இறால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தலை கறுக்கவில்லை. மைத்துனன் போன் செய்தான். "முள்ளு பாதியத் தாண்டவே இல்ல மாமா. சும்மா வலைய அறுத்துட்ட" என்றான். நான் சரி என்றேன். அறுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இனி யாரும் பார்க்க முடியாது. என் வண்டியும் அப்படித்தான். வீட்டுக்குத் திரும்பியபோது முள் பாதிக்குக் கீழே கட்டிப்போட்ட மாதிரி நின்றது. ஆனால் காற்று எதிரே, வண்டி காலி. அப்படி வரும்போது வலை இருந்த காலத்திலும் அது ஏறியதில்லை. வண்டி சரியாகிவிட்டது என்று காட்ட, சுமையோடு வாடைக்கொண்டலை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு தடவை பொன்னேரி போக வேண்டும். நின்ற வண்டிக்குச் சுமை தருவதற்கு ஆளில்லை.

இரண்டு நாள் கழித்து மாமனாரிடம் நானே போய், வலை கட்டியதையும் அறுத்து வாய்க்காலில் வீசியதையும் சொன்னேன். அவர் வலையைத்தான் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டார். "தெரியும் மாப்ள. எம் பொண்ணு மூஞ்சியிலயே தெரிஞ்சுது" என்றார். பிறகு, "நான் சொன்னா கூட்டம் இன்னொரு தபா பொறுக்கும். ஆனா நான் சொன்னா எம் மாப்ளைக்குன்னு சொன்னதா ஆயிரும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த பாடு நாளில் நான் இறங்கினேன். விடிந்து வெளிச்சம் வந்த நேரம், இடுப்பளவு தண்ணீர். கால் விரல்களைச் சேற்றில் ஊன்றி வலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பு ஆடியதில் கம்பும் ஆடியது. பக்கத்தில் மாமனார் நின்றிருந்தார். கைக்கு எட்டுகிற தூரத்தில், என்னைப் பார்க்காத மாதிரி. கரையில் மைத்துனன் வண்டி கிளம்பியது. பக்கத்து இருக்கையில் என் மனைவி. தம்பி முள்ளைப் பார்க்க மாட்டான், அதனால் நான் போகிறேன் என்று அவளே சொல்லி ஏறியிருந்தாள். பிடரியில் வாடைக்கொண்டல் அடித்தது.

கழுத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் தொங்கிய போன், மெதூர் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அடித்தது. ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு கவரோடு காதில் வைத்தேன்.

"பாதிக்குக் கீழதான் கீது" என்றாள். "நீ இன்னா பண்ற?"

"நிக்கிறேன்" என்றேன்.